தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

ரம்புக்கனைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பல வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தரம் 11இல் பரம்பரை பற்றிய பாடம் வரும் தவணைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓமின் விதியைப் படிப்பிக்கும்போது பின்வாங்கில் கண் சொருகிக் கிடக்கிற பையன்கூட அந்த வாரம் முழித்திருப்பான். பாடத்தின் சிறப்பு என்று நினைத்துவிட வேண்டாம், நான் காட்டும் வித்தைதான் காரணம். நாக்கை வெளியே நீட்டி, இரண்டு ஓரத்தையும் மேலே மடித்துக் குழாய் மாதிரிச் சுருட்டுங்கள் என்பேன். வகுப்பே நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். சுருட்டத் தெரிந்தவர்கள் ஒரு பக்கம், தெரியாதவர்கள் மறுபக்கம். “சுருட்ட முடிவது ஆட்சியான இயல்பு. முடியாமல் இருப்பது பின்னிடைவான இயல்பு. அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் முடியாது என்றால் பிள்ளைக்கு முடியவே முடியாது” என்று கரும்பலகையில் சதுரம் கீறி விளக்குவேன். சிரிப்பும் சத்தமுமாக இருக்கும். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

நான் சொன்னது பிழை என்று எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் வருடா வருடம் அதையே செய்தேன்.

விதியில் பிழை இல்லை. மெண்டல் என்ற பாதிரியார் 1865இல் புர்னோ நகரத்தில் படித்துக்காட்டிய கட்டுரையில் இருக்கிற கணக்கு இன்றைக்கும் நிற்கிறது. உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கின விதைப் பட்டாணியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அந்த உருண்டைகளைத் தம்பாட்டில் காய்க்க விட்டார். அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கல். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. நடுவில் ஒரு தலைமுறை கண்ணில் படாத சுருக்கம், பாட்டி மடியில் முடிந்து வைத்திருந்த காசு போலப் பேரப்பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது. பட்டாணிக்குச் சரியான இந்தக் கணக்கை மனுசருடைய நாக்குக்கும் காது மடலுக்கும் அப்படியே ஒட்டியதுதான் கோளாறு. அதை நான் கண்டுபிடிக்கவில்லை, கொழும்பில் அச்சான பயிற்சி நூல்களில் இருந்தது. வேறு உதாரணமும் கைவசம் இல்லை. பாடப்புத்தகங்களில் வருகிற நீலக் கண், மண்ணிறக் கண் எல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கு ஒத்துவராது. நீலக் கண்ணை அவர்கள் பின்னவலையில் யானை பார்க்க வரும் வெள்ளைக்காரரிடம் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

வகுப்பில் சிரித்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் வீட்டு வேலையும் கொடுப்பேன். கொப்பியில் ஒரு அட்டவணை: அப்பா, அம்மா, நான். நாக்குச் சுருட்டல், காது மடல் ஒட்டியதா தொங்குவதா, விரல்களைக் கோத்தால் எந்தப் பெருவிரல் மேலே. சரி அல்லது பிழை அடையாளம் போட்டுக்கொண்டு வர வேண்டும். மறுநாள் ஒவ்வொருவரையும் எழுப்பி வாசிக்க விடுவேன்.

ஒரு வருடம் ஒரு பிள்ளை எழுந்து வாசித்தது. அப்பாவுக்கு நாக்குச் சுருட்ட முடியாது, அம்மாவுக்கும் முடியாது, எனக்கு முடியும். கரும்பலகையில் நான் கீறின சதுரத்தின்படி அப்படி நடக்கவே முடியாது. முன்வாங்கில் இருந்த கெட்டிக்காரன் உடனே பிடித்துக்கொண்டான். “சேர், அது வராதே!” என்றான். வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது எனக்கு அந்த நொடியிலேயே தெரியும். “இந்தக் கணக்கு நாக்குக்குச் சரிவராது, நான் சொன்னதுதான் பிழை” என்று இரண்டு வசனம். அதற்குப் பதிலாக நான், “உன்னை யாராவது தவிட்டுக்கு வாங்கினார்களோ தெரியவில்லையே!” என்றேன்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அந்தப் பிள்ளையும் சிரித்தது. அட்டவணையை மூடிக்கொண்டு உட்கார்ந்தது.

தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று சொல்லிக் கேலி செய்யப்படாத தமிழ்ப் பிள்ளை உண்டா? என் அக்கா என்னைச் சொல்லியிருக்கிறாள். நான் என் மகனைச் சொல்லியிருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று நான் பிறகு பலமுறை எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் வீட்டில் சொல்கிற கேலிக்குப் பின்னால் சதுரமும் சூத்திரமும் இருப்பதில்லை. நான் அதை விஞ்ஞான ஆசிரியனாகக் கையில் சோக்கட்டியோடு நின்று சொன்னேன். அதைவிட மோசமானது இன்னொன்று. அந்தப் பிள்ளை, அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வந்த வருடம் பிறந்தது. அது எனக்கும் தெரியும், தோட்டத்துக்கே தெரியும். சொல்கிற நேரத்தில் அது என் நினைவில் இருக்கவில்லை. நம்புகிறவர்கள் நம்பலாம். நானே சில வேளை நம்புவதில்லை.

லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கசாயம் வைப்பார்கள். மாலையாவதற்குள் “சேரே சொல்லிட்டாராம், படத்தோட சொன்னாராம்” என்று பேச்சுப் போய்விட்டது. பிரட்டுக் களத்தில் யாரோ அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் நாக்கை நீட்டிக் காட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தத் தாய் வெள்ளிக்கிழமை பாடசாலைக்கு வந்தார். கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தார். கையில் மகளுடைய விஞ்ஞானக் கொப்பி. அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“சேர், இந்த நாக்கு வெவரம் பொஸ்தகத்துல உள்ளதா, நீங்களா சொன்னதா?”

“புத்தகத்தில் உள்ளதுதான் அம்மா.”

“பொஸ்தகத்துல பொய் எழுதுவாங்களா சேர்?”

“அப்படி இல்லை... சில நேரம் விதிவிலக்கு வரும். நான் விளையாட்டுக்குச் சொன்னது. பெரிசா எடுக்காதீங்க.”

“நான் எடுக்கல சேர். எடுக்கிறவங்க எடுக்கிறாங்க.”

அவர் கொப்பியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். “விதிவிலக்கு” என்ற சொல்லை நான் ஏன் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் கூசுகிறது. விதிவிலக்கு என்றால் விதி சரி, நீதான் அதற்கு வெளியே நிற்கிறாய் என்று அர்த்தம். விதியே இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா நிமிர்ந்து லயத்துக்குப் போயிருப்பார்.

விதி இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதற்கு இரண்டு வருடம் முன்பே கேகாலையில் நடந்த ஆசிரியர் பட்டறை ஒன்றில் வளவாளர் ஒருவர் முழுக் கதையையும் சொல்லியிருந்தார். நாக்குச் சுருட்டல் பரம்பரையாக வருகிறது என்று 1940இல் எழுதியவர் அல்பிரட் ஸ்டர்டிவன்ற். சாதாரண ஆள் இல்லை. பிறப்புரிமையியலாளர் மோர்கனுடைய ஆய்வுகூடத்தில் பட்டப்படிப்பு மாணவனாக இருந்தபோதே நிறமூர்த்தத்தில் பரம்பரையலகுகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று உலகத்தின் முதல் படத்தை வரைந்து 1913இல் வெளியிட்டவர். அவருடைய நாக்கு அட்டவணையிலேயே, சுருட்ட முடியாத பெற்றோருக்குச் சுருட்டுகிற பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். அவர் அதை மறைக்கவில்லை, மற்றவர்கள்தான் கவனிக்கவில்லை. 1952இல் மற்லொக் என்பவர் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களை எடுத்துப் பார்த்தார். இரண்டு பேருக்கும் பரம்பரையலகுகள் ஒன்றேதான். நாக்கு அலகு சொன்னபடி மட்டும் கேட்பதாக இருந்தால் இருவரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். 33 சோடிகளில் 7 சோடிகளில் ஒருவர் சுருட்டினார், மற்றவரால் முடியவில்லை. அதோடு கணக்கு முடிந்தது. ஸ்டர்டிவன்ற் 1965இல் எழுதிய பிறப்புரிமையியல் வரலாற்று நூலில், இன்னும் சில புத்தகங்களில் நாக்குச் சுருட்டலை மெண்டலின் விதிக்கு நிறுவப்பட்ட உதாரணமாகப் போட்டிருப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது என்று தாமே எழுதிவிட்டார்.

காது மடலும் அப்படித்தான். ஒட்டியது, தொங்குவது என்று இரண்டு பெட்டி கிடையாது. நடுவில் எத்தனையோ வகை. விரல் கோக்கும் விதத்திலும் நான் கீறுகிற பனட்டின் சதுரத்துக்கு வேலை இல்லை.

பட்டறையில் இதையெல்லாம் கேட்டுக் குறிப்பெடுத்தேன். தேநீர் இடைவேளையில் பக்கத்தில் இருந்தவரிடம் “பார்த்தீங்களா, இவ்வளவு நாளும் என்ன படிப்பிச்சிருக்கிறோம்” என்று சொல்லிச் சிரித்தேன். திரும்பி வந்து அடுத்த தவணை அதே நாக்கு, அதே அட்டவணை. ஸ்டர்டிவன்ற் தன் பிழையை உலகம் படிக்கிற புத்தகத்தில் எழுதினார். எனக்கு நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

ஏன் என்று கேட்டால் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. தோட்டப் பாடசாலைக்குத் தமிழில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் கிடைப்பது கஷ்டம். நானும் லயத்துப் பிள்ளைதான். விஞ்ஞானம் தெரிந்த சேர் என்று அந்தப் பக்கத்தில் எனக்கு ஒரு பெயர். பல் வலியிலிருந்து போன் பழுது வரைக்கும் என்னிடம்தான் கேட்பார்கள். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிற பழக்கம் வந்துவிட்டது. “தெரியாது” என்று சொன்னதாக ஞாபகமே இல்லை. 2021 ஓகஸ்ட் கடைசியில் பின்னவலையில் சுரங்கி என்ற யானை இரட்டைக் கன்று போட்டபோது ஊரெல்லாம் அதே பேச்சு. பிறகு வகுப்பில் ஒருவன், ஆண் யானைகளில் சிலதுக்கு மட்டும் தந்தம் வந்து கொம்பனாகிறதே, மற்றதெல்லாம் அலியனாகவே நிற்கிறதே, தந்தம் ஆட்சியானதா பின்னிடைவானதா என்று கேட்டான். நல்ல கேள்வி. இலங்கை ஆண் யானைகளில் கொம்பன் மிகச் சிறுபான்மைதான். எனக்கு விடை தெரியாது. “பின்னிடைவானது” என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டேன். சிறுபான்மை என்றால் பின்னிடைவு என்று என் வாய் தானாகச் சொன்னது.

அதுவும் பிழையான கணக்கு. ஆட்சியானது என்றால் ஊரில் அதிகம் இருக்கும் என்று பொருளில்லை. இரண்டு பிரதிகளில் ஒன்று இருந்தாலே வெளியே தெரியும் என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றும் கிடையாது. இதே இடத்தில் என்னைவிடப் பெரியவர்களும் தடுக்கியிருக்கிறார்கள். குட்டை விரல் ஆட்சியான இயல்பு என்றால் காலப்போக்கில் நாட்டில் நாலில் மூன்று பேருக்கு ஏன் குட்டை விரல் வரவில்லை என்று 1908இல் யூல் என்ற புள்ளியியல்காரர் பனட்டிடம் கேட்டார். நாங்கள் வகுப்பில் கீறுகிற சதுரத்துக்குச் சொந்தக்காரரான அதே பனட்தான். அவருக்குப் பதில் வரவில்லை. கூடக் கிரிக்கட் விளையாடுகிற கணித நண்பரிடம் போய்க் கேட்டார். அந்த நண்பர் ஹார்டி, பிறகு 1914இல் நம் இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தவர். ஹார்டிக்கு அது பெருக்கல் வாய்பாடு அளவு வேலை. வெளியிலிருந்து யாரும் தள்ளாதவரை அலகுகளின் விகிதம் தலைமுறை தலைமுறையாக அப்படியே நிற்கும், ஆட்சியானது என்பதற்காக ஒன்று பெருகாது என்று ‘சயன்ஸ்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். என் வகுப்பிலும் யூலின் அதே கேள்வி வந்திருக்கிறது. “ஆட்சியானதுன்னா கொஞ்ச காலத்துல எல்லாரும் அதுவாயிருவாங்களா சேர்?” என்று இறப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன் கேட்டான். “கேட்டதுக்கு மட்டும் விடை எழுது, புள்ளி கிடைக்கும்” என்று உட்கார வைத்துவிட்டேன்.

பனட் ஒரு நண்பரிடம் போய்க் கேட்டார். அவருக்கு அதில் வெட்கம் இருக்கவில்லை.

இனி இன்னொரு தாய். முந்தியவருக்கு நான் இல்லாத விதியைச் சொல்லி வீட்டில் சந்தேகம் போட்டேன். இவருக்கு, இருக்கிற விதியைச் சொல்லியிருந்தால் வீட்டில் இருந்த சந்தேகம் தீர்ந்திருக்கும். அதையும் செய்யவில்லை.

என் வகுப்பு இடாப்பில் ஒரு சின்னப் பிள்ளைக்கு மாதா மாதம் வரவில்லை என்ற அடையாளம் விழுந்துகொண்டிருந்தது. கடிதம் கேட்டு எரிச்சலோடு அனுப்பினேன். தாய் குருநாகல் ஆஸ்பத்திரித் துண்டோடு வந்தார். தலசீமியா. இங்கிருந்து ரயிலில் பொல்கஹவெல போய், அங்கே வேறு ரயில் பிடித்துக் குருநாகல் போய், பிள்ளைக்கு இரத்தம் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். நாட்டின் தேசிய தலசீமியா நிலையமே குருநாகலில்தான் இருக்கிறது. நான் வருடக்கணக்கில் பின்னிடைவான இயல்புக்கு நாக்கையும் காதையும் தேடிக்கொண்டிருந்தபோது, உண்மையான உதாரணம் என் இடாப்பிலேயே சிவப்பு மையில் இருந்தது.

அந்தத் தாய் கேட்டார். “எனக்கும் ஒன்னும் இல்ல, அவருக்கும் ஒன்னும் இல்ல. ரெண்டு பேரு குடும்பத்துலயும் யாருக்கும் இல்ல. புள்ளைக்கு மட்டும் எப்புடி சேர் வந்துச்சு? மாமியா எங்க ஆளுங்க ரெத்தம் கெட்ட ரெத்தம்னு பேசுது.”

இதைவிடத் தெளிவாக ஒரு பரீட்சை வினா வர முடியாது. விடை எனக்குத் தலைகீழாகத் தெரியும். இரண்டு பேரிடமும் ஒரு நல்ல பிரதி, ஒரு பழுதான பிரதி. நல்லது ஒன்று இருப்பதால் அவர்களுக்கு நோய் இல்லை, இலேசான இரத்தக் குறைவு இருந்தால் உண்டு. பழுதானது இரண்டும் சேர்ந்து விழுந்த பிள்ளைக்குத்தான் நோய். அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. சரிபாதி. மாமியார் வாயை மூட அந்தச் “சரிபாதி” ஒன்றே போதும்.

நான் கேட்டது வேறு. “சொந்தத்துல கட்டினீங்களா?”

“இல்லையே சேர். அவரு யட்டியாந்தோட்டைப் பக்கம். பேசித்தான் கட்டினாங்க.”

எனக்கு அடுத்து ஒன்றும் சொல்ல வரவில்லை. தோட்டத்து ஆட்கள், மாமன் மகளைக் கட்டியிருப்பார்கள், அதன் பலன் என்று நான் பார்த்த உடனே தீர்ப்பு எழுதிவிட்டேன். சொந்தத்தில் கட்டினால் ஆபத்துக் கூடும் என்பது உண்மைதான். ஒருவரிடம் பழுதான பிரதி இருந்தால் அவருடைய மாமன் பிள்ளையிடமும் அதே பிரதி இருக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆனால் சொந்தமே இல்லாமலும் இது வரும். 2000ஆம் ஆண்டு ‘லான்செற்’ இதழில், ஒக்ஸ்போர்ட் வெதரோல் குழுவும் இங்குள்ள வைத்தியர்களும் இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்து எழுதினார்கள். பீட்டா தலசீமியா அலகைத் தாங்குகிறவர்கள் சராசரியாக நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல். அந்தக் கணக்கைப் பெருக்கிப் பார்த்தால், சொந்தம் பார்க்காமல் கட்டுகிற சோடிகளிலும் ஏறத்தாழ இரண்டாயிரத்துக்கு ஒன்றில் இருவரும் தாங்கிகளாக இருப்பார்கள். கல்யாணத்துக்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை போதும், தெரிந்துவிடும். சாதகக் கட்டை எடுத்துக்கொண்டு நாலு இடம் அலைகிறோம், இதற்கு ஒரு நாள் போவதில்லை. வகுப்பில் இதைச் சொல்ல நான் கூச்சப்பட்டேன். கல்யாணப் பேச்சு, பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்று. நாக்கை நீட்டச் சொல்ல எனக்குக் கூச்சம் வந்ததே இல்லை.

சில மாதம் கழித்து மனது கேட்காமல் அந்தத் தாயைக் கூப்பிட்டு, ஒரு தாளில் சதுரம் கீறித் தொடங்கினேன். அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். “தெரியும் சேர். நர்ஸ் நோனா சொன்னாங்க. ஒவ்வொரு புள்ளைக்கும் நாலுல ஒன்னு. ஒன்னுக்கு வந்துட்டா மத்த மூனும் தப்பிச்சுரும்னு கணக்குப் போடக் கூடாதாம். ஒவ்வொரு தடவையும் மொதல்லருந்து அதே நாலுல ஒன்னுதானாம்.” சிங்களத்தில் கேட்டதை அவர் எனக்குத் தமிழில் சொன்னார். பரீட்சையில் என் பிள்ளைகளில் பாதிப் பேர் பிழை விடுகிற இடம் அது. நாலு பிள்ளை பெற்றால் கட்டாயம் ஒன்று என்று எழுதுவார்கள். நான் படிப்பித்த விதம் அப்படி.

மாமியார் விசயம் என்ன ஆனது என்று கேட்டேன். “அவருக்கிட்ட நர்ஸ் பாதிப் பாதின்னு சொன்னாங்க. அவரு போய் அவங்க அம்மாகிட்ட சொன்னாரு” என்றார். அவ்வளவுதான்.

இப்போது பாடத்தை மாற்றித்தான் படிப்பிக்கிறேன். நாக்கு இல்லை, வீட்டு அட்டவணை இல்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்த இறப்பர் மரத்திலிருந்து தொடங்குகிறேன். நன்றாகப் பால் தருகிற மரத்தின் கொட்டையைப் போட்டால் வருகிற கன்று தாயைப் போலப் பால் தருமா என்று கேட்டால், பால்வெட்டுகிறவர்களின் பிள்ளைகள் “தராது சேர், ஒட்டுக் கன்றுதான் வைக்கணும்” என்று உடனே சொல்வார்கள். 1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்து ஹெனரத்கொடையில் நட்ட கன்றுகளிலிருந்து பரவிய இறப்பர், முதலில் கொட்டைக் கன்றாகத்தான் நாடெங்கும் போனது. ஒரே மரத்துக் கொட்டையில் ஒன்று வாளி நிறைய வடிக்கும், ஒன்று சிரட்டையின் அடியை நனைக்கும். மகரந்தம் எங்கிருந்தோ வருகிறது, கொட்டைக்குக் கொட்டை அலகுகள் வேறு சீட்டாக விழுகின்றன. அதனால்தான் கண் ஒட்டுகிறார்கள். ஒட்டுக் கன்றில் கலப்பு இல்லை, தாய்மரமே திரும்ப முளைக்கிற கணக்கு. அகலவத்தை இறப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகின ஆர்.ஆர்.ஐ.சி. 100 இனத்தைப் பிள்ளைகள் “நூறு” என்றே சொல்கிறார்கள். தோட்டத்து நாற்றுமேடையைப் பார்த்திருந்தாலே இதை நான் எப்போதோ கற்றிருக்கலாம்.

அதற்குப் பிறகு தலசீமியா. இவ்வளவு பொல்லாத அலகு ஏன் அழிந்துபோகவில்லை என்று யாராவது கேட்பார்கள். இப்போது அந்தக் கேள்வி வரும்வரை காத்திருக்கிறேன், ஏனென்றால் விடை மகா ஓயாவில் இருக்கிறது. 1934இல் மழை பொய்த்து மகா ஓயா போன்ற ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. ஓடுகிற தண்ணீரில் பெருக முடியாத நுளம்பு அந்தக் குட்டைகளில் பெருகியது. வருடக் கடைசியில் தொடங்கிய மலேரியா கேகாலை, குருநாகல் பக்கங்களை மிக மோசமாகத் தாக்கியது. 1935 முடிவதற்குள் நாட்டில் 80,000 பேர் அளவில் செத்தார்கள். அப்படிப்பட்ட காய்ச்சல் நீண்ட காலமாக வந்து போன மண்ணில், பழுதான பிரதி ஒன்று மட்டும் உள்ளவர்களுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது. பிறப்புரிமையியலாளர் ஹோல்டேன் இதை 1949இல் ஊகித்தார். பின்வந்த ஆய்வுகள் அந்தப் பக்கமே சாய்ந்தன. இரண்டு பிரதி உள்ள பிள்ளை நோயில் போனது, ஒரு பிரதி உள்ள பிள்ளை காய்ச்சலில் பிழைத்து வளர்ந்து அந்த அலகைக் கடத்தியது. ஹார்டி சொன்ன ‘வெளியிலிருந்து தள்ளுகிற கை’ இங்கே நுளம்பு. 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அலகுக்கு அந்த அறிவித்தல் போய்ச் சேரப் பல தலைமுறை ஆகும்.

இப்படி மாற்றிப் படிப்பிக்கிறேன் என்று எழுதும்போதே, திருந்திவிட்டேன் என்று காட்டிக்கொள்கிற மாதிரி இருக்கிறது. மாற்றினேனே தவிர, பழைய வகுப்புகள் ஒன்றுக்கும் நான் சொன்னது பிழை என்று சொல்லவில்லை. வருடா வருடம் ஒரு தொகுதிப் பிள்ளைகள் நாக்கு விதியோடு வெளியே போயிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இப்போது பிள்ளைகள் இருக்கும். அந்தப் பிள்ளைகளின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார்களோ என்னவோ.

அன்று நாக்கு அட்டவணையை வாசித்த அந்தப் பெண்ணை ரம்புக்கனை ஸ்டேசனில் ஒருமுறை கண்டேன். காலைக் கொழும்பு ரயிலுக்கு நின்றாள். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் சித்தியில்லை என்பது முன்பே தெரியும். அதற்கு நான்தான் காரணம் என்று சொன்னால் அது என்னையே பெரிய ஆளாக்குவதாகும், தோட்டத்தில் விஞ்ஞானம் தவற ஆயிரம் காரணம் இருக்கிறது. “குட் மோனிங் சேர்” என்றாள். கார்மென்ட் வேலையாம். சம்பளம், தங்குகிற இடம், லீவு கிடைக்குமா என்றெல்லாம் விசாரித்தேன். “அம்மா சுகமா?” என்றும் கேட்டேன். சுகம் என்றாள். அப்பா எப்படி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ரயில் வரக் கொஞ்சம் நேரம் இருந்தது. நாக்கு விதி பிழை என்று அவளிடம் சொல்ல அந்த நேரம் போதும். மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றேன்.

போன தவணை மாதிரி வினாத்தாள் ஒன்று வந்தது. சரியா பிழையா என்ற பகுதியில், நாக்குச் சுருட்டல் மனிதனில் ஆட்சியான இயல்பு என்று ஒரு வசனம். விடைத்தாளில் ‘சரி’ என்று போட்டிருந்தது. பிள்ளைகளுக்கு ஸ்டர்டிவன்ற் கதையை முழுக்கச் சொன்னேன், இரட்டையர் கணக்கையும் சொன்னேன். ஒரு பிள்ளை எழுந்து, “அப்ப இதுக்கு நாங்க என்ன போடணும் சேர்?” என்று கேட்டது.

சரி என்று போடச் சொன்னேன். இரண்டு புள்ளி.